கிளைமேல் ஏறிய பாரம்

பனி என்னும் ஒரே சொல்லைக் கொண்டு, மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் துளியையும், இமயத்தின் உச்சியைப் போர்த்தியிருக்கும் வெண்குவியலையும், நீலகிரியில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடும் உறைபனியையும் நாம் குறித்துவிடுகிறோம்; உஷ்ணப் பிரதேசத்தில் வாழ்கின்ற மக்களுக்கு அதற்கு மேல் பாகுபாடு வேண்டியிருக்கவில்லை. ஆனால் கனடாவின் கிழக்குப் பகுதியிலோ, ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலோ, வீட்டைச் சுற்றி நாலு மரமும் ஒரு புல்தரையும் வைத்துக் காப்பாற்றுகிறவருக்கு இந்தப் பாகுபாடு தோட்டத்தின் ஜீவாதாரமான விஷயம். பஞ்சு போல் இறங்கி, மண்ணின்மேல் கம்பளி விரித்தாற்போல் படிந்து, வேர்களைக் கடுங்குளிரிலிருந்து மறைக்கின்ற வெண்பனி அவருக்கு நண்பன். மழையாக விழுந்து, விழுந்த இடத்திலேயே பளிங்காக இறுகிப்போகின்ற உறைபனி மழையோ அவர் வருஷமெல்லாம் அஞ்சுகின்ற பகை. க்யூபெக் மாகாணத்துப் பிரெஞ்சு மொழியில் இந்தப் பளிங்குக்கு ‘வெர்க்லா’ என்று பெயர். கண்ணாடி, பனிக்கட்டி என்னும் இரண்டு சொற்கள் சேர்ந்து பிறந்த சொல் அது.

1998-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் தேதி தொடங்கி 10-ஆம் தேதி வரையில், மான்ட்ரியால் நகரத்தையும், செயின்ட் லாரன்ஸ் நதியின் பள்ளத்தாக்கையும், ஒட்டாவாவையும், எல்லைக்கு அப்பால் நியூயார்க், வெர்மான்ட், மெய்ன் மாநிலங்களின் பல பகுதிகளையும் இத்தகைய மழை விட்டு விட்டு நனைத்தது. விழுந்த நேரத்தைக் கூட்டினால் 80 மணிக்கு மேல் வரும். மான்ட்ரியாலுக்குத் தெற்கே சில ஊர்களில் விழுந்த அளவு 100 மில்லிமீட்டரை எட்டியது. நம் ஊர்க் கோடை மழை ஒரே மாலையில் இவ்வளவையும் கொட்டிவிட்டுப் போவதுண்டு. தெருவில் ஓடி, குளத்தில் சேர்ந்து, மறுநாள் அதன் சுவடும் இராது. அங்கே விழுந்த மழை ஓடவில்லை. கிளையிலும், கம்பியிலும், கோபுரத்திலும் ஒட்டிக்கொண்டு நின்றது. மின்சாரம் கொண்டுசெல்லும் எஃகுக் கோபுரங்கள் சுமார் ஆயிரம் முறிந்து மடிந்தன. மரக் கம்பங்கள் முப்பதினாயிரத்துக்கு மேல் சாய்ந்தன. பல லட்சம் வீடுகள் நடு மாரிக்காலத்தில் இருளிலும் குளிரிலும் கிடந்தன. பிரெடரிக் லா ஆம்ஸ்டெட் திட்டமிட்டு, 1876-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட மவுண்ட் ராயல் பூங்காவின் மரங்கள் அந்த ஆறு நாட்களில் அடைந்த சேதம் மிகக் கொடியது. எஃகுக்கே அந்தக் கதியென்றால் வீட்டு வாசலில் நின்ற மேப்பிள் மரத்துக்கு என்ன கதி நேர்ந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இம்மழைக்கு வேண்டியது கடுங்குளிர் அன்று. குளிர்ந்த காற்றும் வெதுவெதுப்பான காற்றும் வழக்கத்துக்கு மாறாக, கீழது மேலாக அடுக்கப்பட்டிருக்கும் ஓர் ஆகாய ஸ்திதியே அதற்கு வேண்டும். மேகத்தில் வெண்பனியாகப் பிறந்த திவலை கீழே இறங்கும் வழியில், தெற்கிலிருந்து வந்த வெப்பமான காற்றடுக்கு ஒன்றைக் கடந்து உருகி மழைத்துளியாகிறது. அப்பால் நிலத்தை ஒட்டித் தேங்கி நிற்கின்ற மெல்லிய குளிர்க்காற்றுக்குள் புகுகிறது. அந்தக் குளிரடுக்கு தடிப்பாக இருந்திருந்தால் துளி மறுபடியும் உறைந்து, சிறு சிறு பனிமணிகளாகச் சிதறி விழுந்திருக்கும். மெல்லியதாக இருப்பதால் உறைவதற்குப் போதிய அவகாசம் அதற்குக் கிடைப்பதில்லை. பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்துவிட்ட பின்னும் நீராகவே இருந்துகொண்டு, தொட்டால் உறைந்துவிடக்கூடிய நிலையில் தரையை நோக்கி வருகிறது. செயின்ட் லாரன்ஸ் பள்ளத்தாக்கு, வடகிழக்கிலிருந்து வரும் குளிர்க்காற்றை ஒரு வாய்க்காலைப் போல் தாங்கி நிறுத்திக்கொள்வதால், அப்பிரதேசத்தில் இந்த அமைப்பு நாட்கணக்கில் நீடிக்க இடமுண்டு.

அப்படி வந்த ஒரு துளி ஒரு குச்சியின்மேல் படுகின்ற கணத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளியே விடுகிறது. பூஜ்யத்துக்குக் கீழே 4 டிகிரி குளிர்ந்த துளியில் குச்சியைத் தொட்டவுடன் இருபதில் ஒரு பங்குதான் உறைகிறது. அந்தச் சிறு பங்கு வெளியிட்ட வெப்பமே மீதிப் பத்தொன்பது பங்கையும் பூஜ்ய டிகிரிக்கு உயர்த்தி, நீராக நிறுத்தி வைத்துவிடுகிறது. அந்த நீர் குச்சியைச் சுற்றி வழிந்து, பட்டையின் ஒவ்வொரு சுருக்கத்தையும் நிரப்பி, மொட்டைச் சுற்றி வளைந்து, காற்று தன் வெப்பத்தை வாங்கிக்கொள்ள வாங்கிக்கொள்ள, காற்றுக்குமிழ் ஏதுமின்றி மெல்ல இறுகுகிறது. வெண்பனியைப் போல் பொருபொருவென்று இராமல் இப்பனிக்கட்டி தெளிவாகவும், கனமாகவும், உதறினாலும் உதிராததாகவும் இருப்பதற்கு இந்த நிதானமே காரணம்.

இனி அதன் பாரத்தைக் கணக்கிடுவோம். ஒரு சென்டிமீட்டர் குறுக்களவும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள குச்சியின் எடை உத்தேசமாக 75 கிராம். அதைச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் தடிப்புக்குப் பனிக்கட்டி படிந்தால், அந்தப் பனிக்கட்டியின் எடை ஏறக்குறைய 575 கிராம். தன்னைப்போல் ஏழு மடங்குக்கு மேலான சுமையைக் குச்சி தாங்க வேண்டியிருக்கிறது. தடிப்பு இரண்டு சென்டிமீட்டர் ஆனால் சுமை இரண்டு மடங்காவதோடு நிற்பதில்லை. மூன்று மடங்காகி ஒன்றேமுக்கால் கிலோவை நெருங்குகிறது. இதே கணக்கைப் பத்து சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பருத்த கிளைக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறாகிறது. அதன் ஒரு மீட்டர் நீளம் தானே ஏழு கிலோ எடை இருக்கும். ஒரு சென்டிமீட்டர் தடிப்புள்ள பனிக்கட்டியோ மூன்று கிலோவுக்குச் சற்று மேல். பெருங்கிளைக்குத் தன் எடையில் பாதிகூட ஏறவில்லை, சிறு குச்சிக்கோ ஏழு மடங்கு ஏறிவிட்டது. ஆகவே ஒரு மரத்தின் தலைவிதியைத் தீர்மானிப்பது அதன் பருத்த கிளைகளின் வலிமை மாத்திரம் அன்று. நுனியில் எத்தனை மெல்லிய குச்சிகளை அது விரித்து வைத்திருக்கிறது என்பதும், அந்த நுனிச்சுமை ஏற்றக்கோல் போல் நெம்பும்போது அதைத் தாங்கவேண்டிய கவை எப்படி அமைந்திருக்கிறது என்பதுமேயாகும்.

இல்லினாய் மாநிலத்தின் அர்பானா நகரத்தில் 1990-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் தேதி இத்தகைய புயல் ஒன்று அடித்தபின், ரிச்சர்டு ஹாவரும் அவருடைய சகாக்களும் அந்நகரத்துத் தெரு மரங்களை இனவாரியாகப் பரிசோதித்து வெளியிட்ட ஆராய்ச்சி, மேற்சொன்ன கணக்கோடு ஒத்துப்போகிறது. விரைந்து வளர்ந்து நுண்ணிய குச்சிகளை விரிக்கும் சைபீரிய எல்ம், வெள்ளி மேப்பிள் போன்றவை நொறுங்குகின்றன. தடித்த, எண்ணிக்கையில் குறைந்த குச்சிகளையுடைய கருவால்நட், கிங்கோ முதலியனவும், உறுதியான வெள்ளை ஓக் மரமும் தாங்கி நிற்கின்றன. ஆனால் இனத்தைக் காட்டிலும் கவையின் அமைப்பு பெரிது என்பதே என் எண்ணம். இரண்டு கிளைகள் கை விரித்தாற்போல் அகன்று பிரிந்தால் அவற்றின் மரநார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. கை கூப்பினாற்போல் நெருங்கி எழுந்தாலோ இரண்டுக்கும் நடுவே பட்டை உள்மடிந்து சிக்கிக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது ஒரே மரம். உள்ளே அது ஒட்டவே ஒட்டாத இரண்டு மரம். நாற்பது வருஷம் கழித்து ஒரு ராத்திரியில் பனிக்கட்டி அதைப் பிளந்து காட்டுகிறது.

குளிரைப் பற்றி ஒரு தவறான எண்ணத்தை இங்கே நீக்கிவிட வேண்டும். மான்ட்ரியாலிலும் டொராண்டோவிலும் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்கள், இலையுதிர் காலம் பிறந்தவுடன் கறிவேப்பிலைத் தொட்டியைத் தூக்கி வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்துவிடுகின்றன; அது நியாயமே, குளிருக்குத் தன்னை ஆயத்தம் செய்துகொள்ளும் வித்தை கறிவேப்பிலைக்குத் தெரியாது. அவ்வூர் மரங்களின் சுபாவம் வேறு. பகற்பொழுது குறுகக் குறுக அவை தம் வளர்ச்சியை நிறுத்தி, உயிரணுக்களில் சர்க்கரையைச் சேர்த்து, அணுக்களுக்குள் இருக்கும் நீரை மெல்ல வெளியேற்றி, அது அணுக்களுக்கு இடையிலுள்ள வெளிகளில் உறையும்படி விட்டுவிடுகின்றன. கத்தி போன்ற பனிப்படிகம் உயிரணுவுக்குள் தோன்றாமலே போகிறது. ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்து அகிரா சகாய், இவ்வாறு முதிர்ந்து பக்குவப்பட்ட குச்சிகளைப் படிப்படியாக உறையவைத்து, பின்னர் பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரியிலுள்ள திரவ நைட்ரஜனில் அமிழ்த்தி எடுத்தும் அவை உயிரோடிருந்ததை 1960-இல் அறிவித்தார். அத்தகைய மரத்துக்குப் பூஜ்யத்தை ஒட்டிய பனிக்கட்டி உறை ஒரு பொருட்டே அன்று. அதைக் கொல்வது பாரம். அடுத்தபடியாக, மனிதனுடைய அவசரம்.

பாரத்துக்குரிய பரிகாரம் புயலுக்கு வெகு காலம் முன்பே செய்யப்பட வேண்டியது. நட்ட முதல் பத்துப் பதினைந்து வருஷங்களில், மரம் ஏணியின்றி எட்டும் உயரத்தில் இருக்கும்போதே, போட்டியாக எழும் இரண்டு நடுத்தண்டுகளில் ஒன்றைக் கழித்து, கை கூப்பிய கவைகளை அகற்றி, கிளைகள் தண்டைச் சுற்றிப் பரவலாக அமையும்படி கவாத்து செய்துவந்தால், முதிர்ந்த மரத்துக்குச் செய்யக்கூடிய எந்தச் செலவான வைத்தியமும் அதற்கு ஈடாகாது. அதைத் தவறவிட்ட பெரிய மரங்களுக்கு, பிளவுபடக்கூடிய இரண்டு பெருங்கிளைகளை உயரத்தில் எஃகு வடத்தால் இணைத்துவிடும் முறை உண்டு. அது கைதேர்ந்த மரத்தொழிலாளி செய்யவேண்டிய வேலை. மரத்தின் தலையை மொட்டையடித்துவிட்டால் சுமை குறையும் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. அது பெருந்தவறு, வெட்டிய இடத்தில் கற்றை கற்றையாகக் கிளம்பும் மெல்லிய, பிடிப்பற்ற குச்சிகள், நாம் மேலே கண்ட கணக்கின்படி, அடுத்த புயலுக்கு முன்னைவிட நல்ல இரையாகும்.

வேலியாக வளர்க்கப்படும் வெண் சீடாருக்குப் பல தண்டுகள். பாரம் ஏறியதும் அவை குடை விரிந்தாற்போல் நாலாபக்கமும் சாய்ந்து, பிறகு நிமிர்வதில்லை. இலையுதிர் காலத்தின் கடைசியில் மிருதுவான கயிற்றை அடியிலிருந்து நுனி வரையில் திருகுசுற்றாகச் சுற்றித் தண்டுகளைச் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். கூரையின் இறவாரத்துக்குக் கீழே நிற்கும் புதர்ச்செடிகளுக்கு, மேலிருந்து சரியும் பனிக்கட்டிப் பாளங்களே அபாயம். இரண்டு பலகைகளைக் கூடாரம்போல் சாய்த்து அவற்றின்மேல் நிறுத்தினால் போதும். ரோஜாச் செடியின் அடியில் 25, 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு மண் அணைத்துவிடுவது அங்கே பழைய வழக்கம். போர்த்துவதற்குச் சாக்குத் துணியே ஏற்றது. பிளாஸ்டிக் விரிப்பு வெயிலில் உள்ளே உஷ்ணத்தைச் சேர்த்து, இரவில் இழக்கச் செய்து, செடியின் உறக்கத்தைக் கெடுத்துவிடும்.

புயல் வந்துவிட்ட பின் தோட்டக்காரர் செய்ய வேண்டுவது ஒன்றே: கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலுக்கு உள்ளே நிற்பது. இதைச் செய்வதுதான் மிகவும் கடினம் என்பதை நான் அறிவேன். கண் எதிரே தன் கையால் வளர்த்த மரம் வளைந்து தரையைத் தொடும்போது, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடி அந்தப் பனிக்கட்டியைத் தட்டிவிட மனம் துடிக்கும். வெண்பனியானால் கீழிருந்து மேலாக மெல்லத் தூக்கி உதறிவிடலாம். பளிங்காய் இறுகியதைத் தட்டினால், உறைந்து விறைத்திருக்கும் குச்சி பனிக்கட்டியோடு சேர்ந்தே முறியும், அடுத்த வசந்தத்துக்கான மொட்டுகள் தோலோடு பெயரும். வெந்நீர் ஊற்றுவது அதனினும் தவறு. ஊற்றிய நீர் ஆறி, முன்பு இருந்த உறையின்மேல் இன்னோர் உறையாகப் படியும். வளைந்த கிளைக்கு அடியில் ஒரு முட்டுக்கோலைச் சுமையைத் தூக்காமல் தாங்க மட்டும் வைக்க முடியுமானால் வைக்கலாம். அதுவும் தலைக்கு மேலே முறிந்து தொங்கும் கிளையோ, அருகில் அறுந்து கிடக்கும் மின்கம்பியோ இல்லையென்று நிச்சயமானால் மட்டுமே. கம்பி பட்டுக் கிடக்கும் மரத்தை மின்சாரத் துறையினர் வரும்வரை எவரும் அணுகக்கூடாது.

வெயில் வந்து பளிங்கு உதிர்ந்தபின், முறிந்த கிளையைக் கழிக்கும் வேலை தொடங்குகிறது. இங்கே நாம் நன்றியோடு நினைக்க வேண்டிய பெயர் அலெக்ஸ் ஷைகோ. அமெரிக்க வனத்துறையின் ஆராய்ச்சியாளராக நியூ ஹாம்ப்ஷயரில் பணியாற்றிய அவர், மரங்களைக் குறுக்கே அறுத்துப் பார்த்த முன்னோரின் வழக்கத்தை விட்டு, அக்காலத்தில் புதிதாகக் கைக்கு வந்த சங்கிலி ரம்பத்தால் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்கே பிளந்து, ஒவ்வொரு பழைய காயத்தின் சரித்திரத்தையும் உள்ளே படித்தார். மரத்தின் காயம் நம் உடம்பின் காயத்தைப்போல் ஆறுவதில்லை என்பதும், கெட்ட பாகத்தைச் சுற்றி மரம் சுவர்களை எழுப்பி, அதை உள்ளேயே அடைத்துவிட்டு, வெளியே புதிய மரத்தை வளர்த்துக்கொண்டு போகிறது என்பதும் அவர் கண்ட உண்மை. 1977-இல் ஹெரால்டு மார்க்ஸோடு சேர்ந்து அதை விரிவாக வெளியிட்டார்.

கிளை தண்டோடு சேருமிடத்தைக் கையால் தடவிப் பாருங்கள். சட்டையின் கழுத்துப்பட்டியைப் போல் சற்றே புடைத்த வளையம் ஒன்று தட்டுப்படும். மரம் எழுப்பும் சுவருக்கு அதுவே அஸ்திவாரம். அந்த வளையத்தையும் சேர்த்துத் தண்டோடு மட்டமாக அறுத்துவிடுவதுதான் அழகு என்று முன்பெல்லாம் போதித்தார்கள். அப்படி அறுத்த மரங்களின் உள்ளே சொத்தை தண்டின் நடு வரை இறங்கியிருந்ததை ஷைகோ பிளந்து காட்டினார். வளையத்துக்கு வெளியே ஒரு சாண் கட்டையை விட்டுவிடுவதும் பிழையே, அது உளுத்து உள்வழி திறக்கும். வளையத்தை ஒட்டி, அதைத் தொடாமல் அறுக்க வேண்டும். கனத்த கிளையானால், தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி முதலில் அடிப்புறத்தில் ஒரு வெட்டு, அதற்குச் சற்று வெளியே மேற்புறத்தில் ஒரு வெட்டு. கிளை பட்டையை உரித்துக்கொண்டு போகாமல் விழுந்தபின் மிச்சக் கட்டையை வளையத்தருகே மூன்றாவது வெட்டால் நீக்குவது கிரமம். காயத்தின்மேல் தாரும் சாயமும் பூசுவதால் பிரயோஜனம் இல்லையென்பதையும் அவரே நிறுவினார். தலையில் பாதிக்கு மேல் இழக்காத மரத்தை அவசரப்பட்டு வேரோடு வெட்ட வேண்டாம். வெட்டியதை மறுபடி நட முடியாது, வெட்டாததை அடுத்த வருஷமும் வெட்டலாம்.

புல்தரையின் கதை வேறு. புல்லின் உயிர் இலையில் இல்லை. மண் மட்டத்தில் இருக்கும் தூரில் இருக்கிறது. பனிக்கட்டிப் பாளம் தரையை மூடும்போது அதற்குப் பாரம் ஒரு தொந்தரவன்று, மூச்சடைப்பே தொந்தரவு. உறங்கும் புல்லும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் சிறிதளவு பிராணவாயுவைச் செலவழித்துக் கரியமிலவாயுவை விடுகின்றன. வெண்பனியின் ஊடே காற்று புகும், பளிங்கின் ஊடே புகாது. மிச்சிகன் அரசுப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பியர்டு 1960-களில் நடத்திய பரீட்சைகளில், வீட்டுப் புல்தரைகளில் பெருவழக்காக உள்ள கென்டகி நீலப்புல்லும், கோல்ப் மைதானத்துப் பென்ட் புல்லும் நெடுநாள் மூடலைத் தாங்கின. களையாக நுழையும் ஒருபருவ நீலப்புல்லே முதலில் மடிந்தது. ஆகவே சில வார மூடலுக்கு வீட்டுக்காரர் அஞ்ச வேண்டுவதில்லை. அஞ்ச வேண்டியது பாளம் உருகும் நாட்களுக்கு: பள்ளத்தில் தேங்கிய நீரைத் தூர் உறிஞ்சிக் கொழுத்திருக்கும் வேளையில், அன்றிரவே கடுங்குளிர் திரும்பினால் உயிரணுக்கள் உடைகின்றன. வசந்தத்தில் வட்ட வட்டமாகச் செத்துக் கிடக்கும் புல்லைப் பார்த்தால், அநேகமாக அங்கே ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தைக் கோடையில் தூர்த்து, மிதிபட்டு இறுகிய மண்ணில் துளையிட்டு, வடிகால் உண்டாக்குவதும், இலையுதிர் காலத்தின் பிற்பகுதியில் தழைச்சத்து உரத்தை அளவுக்கு மீறி இட்டுப் புல்லை இளந்தளிராக்காமல் இருப்பதும்தான் காப்பு. உறைந்த புல்லின்மேல் நடந்தவருடைய காலடிகள் பிறகு பழுப்பு நிறத்தில் ஒவ்வொன்றாக எழுந்து காட்டும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

நடைபாதையில் தூவும் உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண உப்பு, குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரியை நெருங்கும்போது அநேகமாகச் செயலற்றுப்போகிறது. மேலும் மேலும் அள்ளித் தூவுவதால் பனிக்கட்டி உருகுவதில்லை, உப்பு மட்டும் புல்தரையின் ஓரத்தில் சேர்கிறது. அதிலுள்ள சோடியம் களிமண்ணின் பொலபொலப்பைக் குலைத்து நீர் இறங்காமல் செய்கிறது. குளோரைடு வேர்வழி ஏறி மொட்டையும் ஊசியிலையையும் கருக்குகிறது. வழுக்காமலிருக்க மணலே போதும். உப்புக் கலந்த பனியை வாரி மரத்தடியில் குவிக்கும் வழக்கத்தை அறவே விட வேண்டும். ஏற்கனவே சேர்ந்துவிட்ட உப்பை, மண் இளகியவுடன் நிறைய நீர் பாய்ச்சிக் கீழே இறக்கிவிடலாம். களிமண்ணானால் ஜிப்சம் இடுவது சோடியத்தைப் பெயர்த்து அந்த இடத்தில் சுண்ணாம்புச் சத்தை வைக்கும்.

மே மாதத்தில் மரம் தன் கணக்கைத் தானே தீர்த்துக்கொள்ளத் தொடங்குகிறது. முறிந்த கிளைகளுக்குக் கீழே, பல வருஷங்களாகப் பட்டைக்குள் உறங்கிக் கிடந்த மொட்டுகள் விழித்து, தண்டின்மேல் மயிர்க்கூச்செறிந்தாற்போல் குச்சிகளைத் தள்ளுகின்றன. பார்ப்பதற்கு அலங்கோலமாக இருக்கிறதென்று அவற்றை அந்த வருஷமே வழித்துவிடுகிறவர்கள், இலையிழந்த மரத்திடம் மிச்சமிருந்த சமையலறையையும் மூடிவிடுகிறார்கள். காயத்தைச் சுற்றிச் சுவர் எழுப்புவதற்கான உணவு அந்த இலைகளிலேதான் சமைக்கப்படுகிறது. முதல் கோடையில் அவற்றை அப்படியே விட்டுவிட வேண்டும். இரண்டாம் வருஷத்தில், ஓரிடத்தில் கூட்டமாக எழுந்தவற்றில் நலிந்ததைக் கழித்து, மூன்றாம் வருஷத்தில், தண்டிலிருந்து அகன்று வளரும் ஒன்றை மட்டும் ஒவ்வோரிடத்திலும் நிறுத்தினால், அந்தக் குச்சியின் அடியில் மெல்ல மெல்ல ஒரு புதிய கழுத்துப்பட்டி புடைத்துக்கொண்டு வருவதை விரலால் தொட்டே அறியலாம்.